பலாமரத்தில் தொங்கும் கைப்பேசி: பழங்குடியினர் நலத் துறைக்கும் தகவல் தொழில்நுட்பத் துறைக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் பழங்குடியினர் நலனையும் தகவல் தொழில்நுட்பத்தையும் கவனிக்கும் மாண்புமிகு அமைச்சர்களுக்கும், துறைச் செயலாளர்களுக்கும், இயக்குநர்களுக்கும் வணக்கம்.

நீலகிரியின் கோத்தகிரியிலிருந்து கீழிறங்கும் சரிவில் உள்ள ஓர் இருளர் பதியில், அதாவது சிறு குடியிருப்பில், நான் வார இறுதிகளில் மாலை வகுப்பு எடுத்து வருகிறேன். சமவெளியில் பிறந்தவன், கணினி வேலை பார்த்துப் பிழைப்பவன். 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டு, பாடமெல்லாம் கைப்பேசிக்குள் போய்விட்டது என்று அறிவிக்கப்பட்ட நாட்களில், அந்தப் பதிப் பிள்ளைகளுக்குப் பாடம் இறக்கிக் கொடுக்கப் போனவன், பிறகு போவதை நிறுத்த முடியாமல் தங்கிவிட்டேன். இந்த மடலை எழுத என்னைத் தூண்டியது அங்குள்ள ஒரு பலாமரம்.

பதியில் எங்குமே டவர் கிடைக்காது. ஆனால் அந்தப் பலாமரத்தின் ஒரு கிளையில், ஆளுயரத்துக்குச் சற்று மேலே, இரண்டு கோடு சிக்னல் வரும். கழுவி உலர்த்திய பால் உறைக்குள் ஒரு கைப்பேசியைப் போட்டு, ஹாட்ஸ்பாட்டை இயக்கி, சணல் கயிற்றில் கட்டி அந்தக் கிளையில் தொங்கவிடுவார்கள். கீழே முதல் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகள் மற்றொரு கைப்பேசியைச் சுற்றி உட்கார்ந்து படிப்பார்கள். காற்றடித்தால் உறை திரும்பிக்கொள்ளும். ஒருவர் எழுந்துபோய்க் குச்சியால் அதைத் திருப்பி வைப்பார். அந்தக் கிளையைக் கண்டுபிடித்தவள் அப்போது ஒன்பதாம் வகுப்பு படித்த ஒரு பெண். மூன்று மாலைகள் கைப்பேசியோடு பதியைச் சுற்றி வந்து, சிக்னல் வந்த இடங்களிலெல்லாம் கரித்துண்டால் அடையாளம் வைத்து, எந்த நேரத்தில் எத்தனை கோடு வந்தது என்பதை நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதியிருந்தாள். அளந்து பார்த்து, ஒப்பிட்டு, முடிவுக்கு வருவதைத்தான் நாம் கல்லூரிகளில் ஆய்வு என்று சொல்லிக்கொடுக்கிறோம். அவளுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

உங்களிடம் நான் முன்வைக்க விரும்புவது ஒன்றே ஒன்றுதான். பழங்குடி மக்களுக்கான தொழில்நுட்பத் திட்டங்கள் எல்லாவற்றிலும் அவர்கள் 'பயனாளிகள்' என்ற சொல்லுக்குள்ளேயே நிறுத்தப்படுகிறார்கள். அந்தத் தொழில்நுட்பத்தை ஆக்குபவர்களாக, பழுது பார்ப்பவர்களாக, அதன் உரிமையாளர்களாக அவர்கள் எந்தக் கோப்பிலும் இடம்பெறுவதில்லை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் பழங்குடியினர் ஏறத்தாழ 7.95 லட்சம் பேர், மாநில மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர். அதே கணக்கெடுப்பில் மாநிலத்தின் எழுத்தறிவு 80 விழுக்காடாக இருந்தபோது அவர்களுடையது 54 விழுக்காடு. இந்த இடைவெளியைப் பார்ப்பவர்கள், முதலில் படிக்க வையுங்கள், மற்றதெல்லாம் பிறகு ஆகட்டும் என்று சொல்லிவிடுவது இயல்புதான். ஆனால் மற்றதெல்லாம் அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. அரசின் கைப்பேசிச் செயலிகளும் கைரேகைக் கருவிகளும் எப்போதோ மலையேறி வந்துவிட்டன.

அவை எப்படி வந்தன என்பதைக் கொஞ்சம் பாருங்கள். ஊரக வேலை உறுதித் திட்டத்தின் பணித்தளங்களில் காலையும் மாலையும் இடக்குறியோடு (எடுத்த இடத்தைக் காட்டும் குறியோடு) கூடிய புகைப்படம் எடுத்துப் பதிவேற்றுவது 2023 ஜனவரி முதல் கட்டாயமாக்கப்பட்டது. மலையில் பணித்தளப் பொறுப்பாளராக இருக்கும் பெண்ணுக்கு இதனால் கூடிய வேலை, எடுத்த படம் ஏறும் வரை கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேட்டில் நிற்பது. ரேஷனுக்குக் கைரேகை, பணம் எடுக்கக் கைரேகை, சான்றிதழுக்கு ஓடிபி என்று எல்லாமே அந்த மக்களைச் சரிபார்ப்பதற்காக வந்திருக்கின்றன. ஒருமுறை என் கண்முன் நடந்ததைச் சொல்கிறேன். காப்பிப் பழம் பறித்துப் பறித்து ரேகை தேய்ந்த ஒரு பாட்டி, பணம் எடுத்துத் தருபவர் ஒருவரிடம் மூன்று முறை விரல் வைத்தார். மூன்று முறையும் "விழவில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அடுத்த மாதம் பாஸ்புக்கில் பதிவு போட்டுப் பார்த்தபோது, அன்றைய தேதியில் இரண்டு முறை பணம் எடுக்கப்பட்டிருந்தது. அந்தப் பணம் திரும்ப வரவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வகுப்பின் முதல் பாடம் கணினியின் பாகங்கள் அல்ல. கைப்பேசிக்கு வரும் வங்கிக் குறுஞ்செய்தியைப் படிப்பதும், ரசீது கேட்டு வாங்குவதும், 1930 என்ற இணையவழிக் குற்ற உதவி எண்ணுக்கு அழைப்பதும்தான். பாட்டியின் பேரன்தான் இப்போது அந்தப் பாடத்தை நடத்துகிறான். பக்கத்துப் பதிகளுக்கும் போய் நடத்துகிறான்.

இணைப்பைப் பற்றி நீட்டி எழுத விரும்பவில்லை, ஏனென்றால் அதற்கான பணமும் ஆணையும் ஏற்கெனவே இருக்கின்றன. இணைப்பு எட்டாத கிராமங்களுக்கு 4ஜி கொண்டுசெல்ல 2022 ஜூலையில் ஒன்றிய அமைச்சரவை 26,316 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2023 நவம்பரில் தொடங்கிய பிரதமரின் ஜன்மன் திட்டத்தில், மிகவும் நலிந்த பழங்குடிகளின் குடியிருப்புகளுக்குக் கைப்பேசிக் கோபுரங்களும் சேர்க்கப்பட்டன. தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்ற ஆறு சமூகங்கள் அந்தப் பிரிவில் வருகின்றன. இத்தனைக்குப் பிறகும், "அது வனப்பகுதி, கேபிள் இழுக்க முடியாது" என்ற பதிலே பதிகளில் கேட்கிறது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவை ஒருமுறை எடுத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கிராம சபை பரிந்துரைத்தால், ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், அரசு நடத்தும் பொது வசதிகளுக்குத் தரலாம் என்று அது சொல்கிறது. அந்த வசதிகளின் பட்டியலில் பள்ளியும் அங்கன்வாடியும் குடிநீரும் மட்டும் இல்லை. மின்கம்பியும் தொலைத்தொடர்புக் கம்பியும், மரபுசாரா எரிசக்தியும், திறன் பயிற்சி மையமும் இருக்கின்றன. காட்டையும் காத்து இணைப்பையும் கொடுக்க வழி சட்டத்திலேயே இருக்கும்போது, அந்த வழியைக் கிராம சபைகளுக்குத் தமிழில் எழுதிச் சொல்ல ஒரு சுற்றறிக்கை போதும்.

பள்ளிகளுக்கு வருகிறேன். மலையில் உள்ள ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் கணினி அறையை எனக்குத் திறந்து காட்டினார்கள். பத்துக் கணினிகள் இருந்தன, எல்லாவற்றின் மீதும் பூப்போட்ட துணி போர்த்தியிருந்தது. அவற்றில் ஏழு இயங்கவில்லை. இடி மின்னல் காலத்தில் வந்த மின்னழுத்த ஏற்ற இறக்கத்தில் சிலவற்றின் மின்வழங்கி எரிந்திருந்தது, சிலவற்றில் நினைவகச் சில்லின் முனையில் பூஞ்சை படிந்திருந்தது, அவ்வளவுதான். சமவெளியிலிருந்து ஆள் வந்து பார்ப்பதற்கான பயணச் செலவு, பழுது நீக்கும் செலவைவிடக் கூடுதல் என்பதால் அவை அப்படியே இருந்தன. நாங்கள் இரண்டு மாணவர்களை வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை திறந்து பார்த்தோம். பென்சில் அழிப்பானால் சில்லின் முனையைத் தேய்த்துத் திரும்பப் பொருத்தியபோது திரையில் வெளிச்சம் வந்தது. அதைச் செய்த பையன் பதினோராம் வகுப்பு. அன்று முதல் அவன் அந்தக் கணினியை 'என் கணினி' என்றுதான் சொல்கிறான். மாலைக்குள் நான்கு கணினிகள் உயிர்பெற்றன.

இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. பழுது பார்க்கத் தெரிந்த ஒருவர் அந்த மலையிலேயே இருந்தால், அரசு செலவிட்ட பணம் துணிக்கடியில் கிடக்காது என்பதற்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளித் தொகுப்புக்கும், அந்தச் சமூகங்களிலிருந்தே தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்த இரண்டு இளைஞர்களைக் கணினி, சூரிய மின்தகடு, இணைப்புக் கருவிகளைப் பராமரிப்பவர்களாகச் சம்பளத்துக்கு நியமியுங்கள். தன்னார்வலர் என்ற பெயரில் இலவசமாக வேலை வாங்கும் பழக்கம் இதில் வேண்டாம். என்னைப் போன்றவர்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வரலாம். தினக்கூலி வீட்டுப் பிள்ளையிடம் அதைக் கேட்கக் கூடாது.

இனி, என் மனத்தில் மிகவும் கனத்துக் கிடக்கும் செய்தி. அது மொழி.

2025 செப்டம்பரில் ஒன்றியப் பழங்குடியினர் விவகார அமைச்சகம் 'ஆதி வாணி' என்ற செயற்கை நுண்ணறிவு மொழிபெயர்ப்புச் செயலியின் முதல் வடிவத்தை வெளியிட்டது. சந்தாலி, பீலி, முண்டாரி, கோண்டி ஆகிய மொழிகளோடு அது தொடங்கியது. நல்ல தொடக்கம், கோண்டி நம் மொழிக்கும் உறவுக்காரி என்பதால் எனக்குத் தனி மகிழ்ச்சி. ஆனால் தமிழ்நாட்டில் பேசப்படும் பழங்குடி மொழி ஒன்றுகூட அந்த முதல் வரிசையில் இல்லை. மறுபுறம், தமிழ்நாட்டின் 2024–25 நிதிநிலை அறிக்கையில் தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் முதலிய மக்களின் மொழிவளங்களையும் ஒலிவடிவங்களையும் ஆவணப்படுத்த 2 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. அதைப் படித்த அன்று நான் உண்மையிலேயே நெகிழ்ந்தேன். உடனே ஒரு கவலையும் வந்தது: ஒலிப்பதிவுக் கருவியைப் பிடிக்கப்போகும் கை யாருடையது?

கேட்பதற்குக் காரணம் உண்டு. பலாமரத்துக் கிளையைக் கண்டுபிடித்த அந்தப் பெண், இப்போது கல்லூரியில் படிக்கிறாள். இரண்டு ஆண்டுகளாகத் தன் பாட்டி சொல்லும் செடிகளின் பெயர்களையும், தேன் எடுக்கப் போகும்போது பாடும் பாட்டுகளையும் கைப்பேசியில் பதிவு செய்து வருகிறாள். ஒருநாள், பேச்சை எழுத்தாக்கும் ஒரு செயலியில் அந்தப் பதிவுகளில் ஒன்றைப் போட்டுப் பார்த்தோம். தமிழ் தெரிந்த செயலி அது. பாட்டி சொன்ன ஒரு செடியின் பெயரை அது சமவெளி ஊர் ஒன்றின் பெயராக எழுதியது. பாட்டின் ஓரடியை, தப்பும் தவறுமான தமிழாகத் திருத்திக் காட்டியது. அருகில் உட்கார்ந்திருந்த பாட்டிக்கு நாங்கள் அதைப் படித்துச் சொன்னபோது, "நான் அப்படிச் சொல்லலையே" என்று மட்டும் சொன்னார். இருளர் மொழியைத் தமிழின் பிழையான வடிவமாகப் பார்க்கும் பார்வை வகுப்பறைகளில் நெடுங்காலமாக இருக்கிறது. அதே பார்வை இப்போது இயந்திரத்துக்குள்ளும் ஏறிக்கொண்டிருக்கிறது. தோட மொழியின் உரசொலிகளும் அதிர்வொலிகளும் தமிழ் எழுத்துக்குள் அடங்காதவை என்பது மொழியியலாளர்கள் அறிந்த செய்தி. அந்த ஒலிகளைச் சரியாகக் கேட்கவும் குறிக்கவும் வல்ல காது, மந்துகளில், அதாவது தோடர் குடியிருப்புகளில், பிறந்தவர்களுக்கே உண்டு.

உலகத்தில் இதற்கு வழி காட்டியவர்கள் இருக்கிறார்கள். நியூசிலாந்தின் வடகோடியில் மாவோரி மக்கள் நடத்தும் தே ஹிகு மீடியா என்ற ஒலிபரப்பு அமைப்பு, 2018-இல் தன் மக்களிடம் ஓர் அழைப்பு விடுத்தது. ஏறத்தாழ 2,500 பேர் முன்வந்து, பத்தே நாட்களில் 300 மணி நேரத்துக்கும் அதிகமாகத் தங்கள் மொழியில் வாசித்துப் பதிவு செய்து கொடுத்தார்கள். அதை வைத்து மாவோரிப் பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளை அவர்களே உருவாக்கினார்கள். அதைவிட முக்கியம், அதற்குப் பிறகு அவர்கள் செய்தது. அந்தக் குரல்களை யாருக்கும் விற்கவில்லை. 'காய்தியாகிதாங்கா', அதாவது பாதுகாவல் பொறுப்பு, என்ற தங்கள் மரபுக் கருத்தின் பெயரில் ஓர் உரிம ஒப்பந்தத்தை எழுதி, மாவோரி மக்களுக்குப் பயன்படாத எந்த நோக்கத்துக்கும் அந்தத் தரவைக் கொடுப்பதில்லை என்று வரையறுத்துவிட்டார்கள்.

நம் நாட்டிலும் முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. பண்டித ரகுநாத் முர்மு 1925-இல் சந்தாலி மொழிக்காக உருவாக்கிய ஒல் சிக்கி எழுத்து 2008-இல், கணினிகளுக்கான உலகப் பொது எழுத்துக் குறியீடான யூனிகோடில் ஏறியது. 2018-இல் அந்த எழுத்திலேயே சந்தாலி விக்கிப்பீடியா திறந்தது. எழுதுபவர்கள் சந்தாலி இளைஞர்கள். தெற்கே, அகத்தியமலையின் காணி மக்கள் 1987-இல் ஆய்வாளர்களுக்குக் காட்டிக்கொடுத்த ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து உருவானபோது, உரிமத் தொகையில் பாதி அந்த மக்களுக்கு என்று திருவனந்தபுரத்து ஆய்வு நிறுவனம் ஒப்புக்கொண்டது. உலகமெங்கும் அது பாராட்டப்பட்டது. ஆனாலும் காணி மக்கள் அந்தப் பணத்தைப் பெற ஓர் அறக்கட்டளையைப் பதிவு செய்ததே 1997-இல்தான். உரிமத்தைக் கைமாற்றும் முடிவு அதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது. மருந்துக்கு நேர்ந்த அந்தப் பத்தாண்டுத் தாமதம் மொழிக்கும் நேர்ந்துவிடக் கூடாது என்பதே என் அச்சம். முதலில் பதிவு செய்துகொள்வோம், உரிமையைப் பிறகு பேசிக்கொள்வோம் என்று யாராவது சொன்னால், வன உரிமைச் சட்டத்தின் 3(1)(k) பிரிவு, பல்லுயிரியமும் பண்பாட்டுப் பன்மையும் சார்ந்த மரபறிவின் மீது சமூகத்துக்கு அறிவுசார் சொத்துரிமை உண்டு என்று ஏற்கெனவே சொல்லிவிட்டது என்பதை நினைவூட்டுகிறேன்.

ஆகவே அந்த 2 கோடி ரூபாயில் நடக்கும் பணிகளுக்கும், இனி அறிவிக்கப்படும் பணிகளுக்கும், ஒலிப்பதிவாளர், குறிப்பெடுப்பவர், சரிபார்ப்பவர் ஆகிய பொறுப்புகளில் அந்தந்தச் சமூகத்து இளைஞர்களையே அமர்த்துங்கள். பதிவின் ஒரு படி அந்த ஊரிலேயே இருக்கட்டும். எந்தப் பாட்டை வெளியாருக்குத் தரலாம், எந்தப் பாட்டைத் தரக் கூடாது என்பதை ஊர்க்கூட்டம் முடிவு செய்யட்டும். சில பாட்டுகள் சாவு வீட்டில் மட்டும் பாடப்படுபவை, அவை எவருடைய செயலியிலும் ஒலிக்க வேண்டியதில்லை.

நிலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சமூக வன உரிமை கோரும் மனுக்களில் எல்லை வரைபடம் கேட்கிறார்கள். முதியவர்களுக்கு எல்லை தெரியும்: எந்த ஓடை, எந்தப் பாறை, எந்தக் கோயில் மரம். அவர்களோடு நடந்துகொண்டே கைப்பேசியில் இடக்குறி வைத்து, இலவசமாகக் கிடைக்கும் வரைபட மென்பொருளில் ஏற்ற எங்கள் பதி இளைஞர்கள் நான்கு வாரத்தில் கற்றுக்கொண்டார்கள். வகுப்பில் சொல்லித்தரும் விரிதாளைக் கற்க இரண்டு மாதம் ஆனது, இதற்கு நான்கே வாரம். தங்கள் காட்டின் மேல் பயன்படும் கல்வி எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதற்கு வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை. 2012-இல் திருத்தப்பட்ட வன உரிமை விதிகள், செயற்கைக்கோள் படமும் பிற தொழில்நுட்பங்களும் மற்றச் சான்றுகளுக்குத் துணையாகலாமே தவிர அவற்றுக்கு மாற்றாகக் கூடாது என்று தெளிவாகச் சொல்கின்றன. மேலிருந்து எடுத்த படத்தைக் காட்டி ஒருவரின் கோரிக்கையை மறுக்கும்போது, கீழிருந்து நடந்து வரைந்த படம் அவர் கையில் இருக்க வேண்டும். பழங்குடியினர் நலத் துறை ஒவ்வொரு மலை வட்டத்திலும் இத்தகைய வரைபடப் பயிற்சியைச் சான்றிதழோடு நடத்தினால், 'நான் முதல்வன்' திட்டத்தில் சமவெளிக் கல்லூரிகளுக்குக் கிடைக்கும் திறன் பயிற்சிக்கு ஈடான ஒன்று மலைக்கும் கிடைக்கும்.

ஸ்மார்ட்போன் இல்லாத வீடுகள் இன்னும் இருக்கின்றன என்பதையும் மறக்க வேண்டாம். சத்தீஸ்கரில் 2010 முதல் இயங்கிய 'சிஜிநெட் ஸ்வரா' என்ற தொலைபேசிவழிச் செய்திச் சேவையில், சாதாரணக் கைப்பேசியிலிருந்து அழைத்துத் தங்கள் ஊர்ச் செய்தியைக் கோண்டியிலேயே பதிவு செய்யலாம், மற்றவர்கள் அழைத்துக் கேட்கலாம். எழுதத் தெரியாதவர்களும் குறைகளைச் சொன்னார்கள். அந்தப் பதிவுகளைக் கேட்டவர்களே அதிகாரிகளின் எண்களுக்கு அழைத்துப் பேசினார்கள். கோத்தகிரியில் பழங்குடி மொழிகளில் ஒலிபரப்பும் சமுதாய வானொலி ஒன்று இருக்கிறது. அதோடு இப்படியொரு தொலைபேசி வழியை இணைப்பது பெரிய செலவில்லை. இதற்கு வேண்டிய மென்பொருளை எழுதும் வேலையை மாநிலத்தின் பொறியியல் கல்லூரிகளுக்குக் கொடுக்கலாம்; ஆனால் அதில் எந்த மொழியில் என்ன கேட்க வேண்டும் என்பதைப் பதிகளும் மந்துகளும் சொல்லட்டும்.

ஒன்றை மட்டும் தவிர்க்க வேண்டுகிறேன். பழங்குடி இளைஞர்களுக்குத் தொழில்நுட்ப வேலை என்ற பெயரில், எங்கோ இருக்கும் நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவைப் பழக்குவதற்காகப் படங்களுக்குப் பெயரிட்டுத் தரும் குறைகூலி வேலையை மலைக்குக் கொண்டுவந்து, அதைப் புத்தாக்கம் என்று அறிவிக்கும் போக்கு வந்துவிடக் கூடாது. அந்த வேலையைச் செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பசிக்கும் வீட்டில் எந்தக் கூலியும் கூலிதான். ஆனால் திட்டத்தின் இலக்கு அதுவாக இருக்கக் கூடாது. அதேபோல், பயிற்சிக்குச் சேரவே இனச் சான்று கேட்கும் நடைமுறையை மாற்றுங்கள். இருளர், காட்டுநாயக்கர் குடும்பங்கள் அந்தச் சான்றுக்காக ஆண்டுக்கணக்கில் அலைவதை உங்கள் அலுவலர்களே அறிவார்கள். சான்று வரும்வரை பிள்ளை வெளியே நிற்கக் கூடாது. ஊர் மூப்பனும் தலைமையாசிரியரும் எழுதித் தரும் கடிதம் சேர்க்கைக்குப் போதும் என்று ஆணையிடுங்கள்.

சென்ற மாதம் நான் போனபோது, அந்தப் பெண் ஒரு சிறிய பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து திறந்து காட்டினாள். உள்ளே ஈரம் ஏறாமலிருக்க அரிசி போட்டு, அதன் நடுவில் துணியில் சுற்றி ஒரு மெமரி கார்டு வைத்திருந்தாள். பாட்டியின் குரல் அதில்தான் இருக்கிறது: நாற்பத்தொரு பதிவுகள், ஒவ்வொன்றுக்கும் தேதியும் இடமும் எழுதிய தாளோடு. வேறு படி இல்லை. இணையத்தில் ஏற்ற மரத்துச் சிக்னல் போதாது. பாட்டிக்கு இந்த மழைக்காலத்தில் உடம்பு சரியில்லை. இதை எங்கே கொடுத்து வைத்தால் பத்திரமாக இருக்கும், அதே நேரம் எங்களுடையதாகவும் இருக்கும் என்று அவள் என்னைக் கேட்டாள். எனக்குத் தெரிந்த இடம் எதுவும் இல்லை. அந்தக் கேள்வியை அவள் சார்பில் உங்களிடம் அனுப்புகிறேன். பதிலை அவளுக்கே எழுதுங்கள்; முகவரியைத் தனியே அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
மலைச்சரிவில் மாலை வகுப்பு எடுக்கும் ஒருவன்